பிளஸ் டூ முடிந்தது, கல்லூரி திறக்கவில்லை: இடைப்பட்ட மாதங்களை என்ன செய்வது?

கேள்வி: ஓமலூர் மாணவர், மார்ச் 27, 2025

இரண்டு நாள் முன்புதான் பிளஸ் டூ கடைசித் தேர்வை எழுதி முடித்தேன். பொறியியல் கலந்தாய்வு முடிந்து கல்லூரி திறக்க ஆகஸ்டு ஆகிவிடும் என்கிறார்கள். சேலத்தில் ஒரு நிறுவனத்தில் மூன்று மாதக் கணினி மொழி வகுப்பில் சேரும்படி அப்பா சொல்கிறார். கட்டணம் பதினெட்டாயிரம் ரூபாய். நண்பர்கள் ஏற்காடு, ஒகேனக்கல் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அம்மாவோ, பிள்ளை தூங்கட்டும் விடுங்கள் என்கிறார். இந்த விடுமுறையை வீணாக்காமல் கழிக்க என்ன வழி? அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில்: மார்ச் 27, 2025, இரவு

தம்பி, நான்கு மாதம் என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது ஒரே விடுமுறை அன்று. அது மூன்று துண்டுகள். இன்று முதல் மே மாதத் தொடக்கத்தில் முடிவு வெளிவரும்வரை முதல் துண்டு. இதில் யாரும் உங்களிடம் எந்தத் தாளும் கேட்க மாட்டார்கள். எழுதிய விடையை நீங்களும் இனி மாற்ற முடியாது. முடிவு வந்த நாள் முதல் ஜூன் முதல் வாரம்வரை இரண்டாவது துண்டு: விண்ணப்பம், சான்றிதழ், வரிசை, மீண்டும் வரிசை. அதன் பிறகு தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு என்று இழுத்துக்கொண்டே போகும் மூன்றாவது துண்டில் நேரம் நிறைய இருக்கும், ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்காது. பெரும்பாலானோர் எல்லாத் திட்டங்களையும் முதல் துண்டிலேயே அடைத்து முடித்துவிட்டு, மூன்றாவது துண்டு முழுக்கக் கைப்பேசியைப் பார்த்தபடி மல்லாந்து கிடக்கிறார்கள். எதை எங்கே வைப்பது என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள்.

கணினி வகுப்பைப் பற்றி ஒரு செய்தி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், பிரிவு எதுவானாலும், முதல் பருவத்திலேயே பைத்தான் என்ற கணினி மொழி ஒரு பாடமாக இருக்கிறது; அதை அடிப்படையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கல்லூரிக் கட்டணத்துக்குள் அடங்கிய பாடத்துக்குத் தனியாகப் பதினெட்டாயிரம் எதற்கு என்று அப்பாவிடம் பணிவாகக் கேளுங்கள். கணினி மீது உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதே முதல் இரண்டு மாதத்துக்குத் தாராளம்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வாரம் நன்றாகத் தூங்குங்கள். அதற்கு மேல் சேலத்துக் கோடையே உங்களைப் படுக்க விடாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால் ஒன்பது மணிக்கே எழுப்பி உட்கார வைத்துவிடும்.

மார்ச் 29, 2025

முதல் துண்டுக்கு என் யோசனை: ஏதாவது ஒரு கடையில் கூலிக்கு வேலை பாருங்கள்.

நான் பிளஸ் டூ முடித்த கோடையில் சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு மாம்பழக் கடையில் நின்றேன். சேலத்தில் இந்த விடுமுறையும் மாம்பழப் பருவமும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கி ஒன்றாகவே முடிகின்றன என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வசதி. செந்தூராவும் கிளிமூக்கும் முதலில் வந்து குவியும். இமாம் பசந்தும் குண்டும் அடுத்தடுத்து வரும். மல்கோவா மெதுவாக, விலையோடு வரும். என் வேலை காயையும் பழத்தையும் பிரித்து அடுக்குவது. காம்பு முறிந்த இடத்தில் வடியும் பால் கையில் பட்டால் தோல் எரிந்து புண்ணாகும் என்பதை முதலாளி சொல்வதற்குள் என் முழங்கை சொல்லிவிட்டது. பழுத்ததா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கக் கூடாது, அழுத்திய இடம் மறுநாள் கறுத்துவிடும். காம்படியை முகர்ந்து, தோள் பக்கம் புடைத்திருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். "இன்றைக்குச் சாப்பிட இரண்டு, வெள்ளிக்கிழமைக்கு நான்கு, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு எடுத்துப்போக ஒரு டஜன்" என்று ஒரு அம்மா கேட்டால், மூன்று நிலையில் உள்ள பழங்களைத் தேர்ந்து மூன்று தாளில் சுற்றிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பழம் வியாழக்கிழமையே அழுகினால் அந்த அம்மா திரும்பி வருவார். கல்லாவில் இருப்பவரைத் திட்ட மாட்டார், கட்டிக் கொடுத்தவனைத்தான் தேடுவார்.

பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு படித்தும் முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணைப் பார்த்துப் பேச எனக்கு வராது. அந்தக் கடையில் வந்தது. பெற்றோரும் ஆசிரியரும் அல்லாத ஒருவர் திட்டும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் அடுத்த வேலையைப் பார்ப்பதும் அங்கேதான் பழகியது. வெயிலில் நின்று சம்பாதித்த முதல் கூலியைச் செலவழிக்க எனக்கு இருந்த தயக்கம், இன்று வரை வாங்கிய எந்தச் சம்பளத்துக்கும் இருந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. கார்பைடு கல் வைத்து மாம்பழம் பழுக்க வைப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டது. அளவோடு எத்திலீன் வாயு பயன்படுத்த அனுமதி உண்டு. சேர்ந்த கடையில் பழப்பெட்டிக்குள் சின்னச் சின்னப் பொட்டலமாக எதையாவது வைக்கச் சொன்னால், அன்றே கூலியை வாங்கிக்கொண்டு வேறு கடை பாருங்கள்.

ஏப்ரல் 1, 2025

லாரி புக்கிங் அலுவலகத்தில் இரவு வேலை இருக்கிறது, போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உங்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதா என்பதே முதல் கேள்வி. 14 வயது நிறைந்து 18 நிறையாதவர்களைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்று தனியாக வகுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சுரங்கம், தீப்பற்றும் பொருள், வெடிபொருள், அபாயகரமான செயல்முறைகள் ஆகியவற்றில் அவர்களைச் சேர்க்கவே கூடாது. மற்ற இடங்களிலும் இரவு 7 மணி முதல் காலை 8 மணிவரை வேலை வாங்கக் கூடாது. இடைவேளையும் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

ஆகவே மேலே நான் எழுதியதைப் பகல் நேரக் கடை வேலை என்றே படித்துக்கொள்ளுங்கள். விடியுமுன் சரக்கு இறங்கும் மண்டி வேலை உங்கள் வயதுக்கு வேண்டாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் சொந்தக்காரர் இருக்கிறார் என்று எழுதியவருக்கும் இதுவே பதில்: கணக்கு எழுதும் வேலை என்றால் போங்கள், அமிலத்தில் கழுவும் வேலை என்றால் வேண்டாம்.

ஏப்ரல் 6, 2025

நேற்று இரவு யோசித்துப் பார்த்ததில், கடை வேலையைவிட உறுதியாக நான் பரிந்துரைக்க வேண்டியது தட்டச்சு என்று தோன்றுகிறது. கடை வேலை எல்லார்க்கும் அமையாது. தட்டச்சுப் பயிலகம் இல்லாத பேட்டை சேலத்தில் இல்லை, ஓமலூரிலும் இருக்கும். நாளுக்கு ஒரு மணி நேரம், காலை வெயில் ஏறும் முன்பே முடிந்துவிடும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கிறது. ஏப்ரலில் சேர்ந்து விடாமல் அடித்தால் ஆகஸ்டில் ஆங்கில இளநிலை, அதாவது எல்லாரும் லோயர் என்று சொல்வது, எழுதிப் பார்க்கலாம். அதற்கு நிமிடத்துக்கு 30 சொல் வேகம் வேண்டும், முதுநிலைக்கு 45. பிற்பாடு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் தட்டச்சர் பணிக்குப் போக நினைத்தால் தட்டச்சுத் தேர்வுச் சான்று இல்லாமல் முடியாது. பொறியியல் படிப்பவனுக்கு எதற்கு என்றால், நான்கு ஆண்டு ஆய்வக அறிக்கை எழுதப்போகிறவன் விசைப்பலகையைக் குனிந்து பார்த்து ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருப்பதைக் காணச் சகிக்காது.

முதல் வாரம் அலுப்பாகத்தான் இருக்கும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று ஒரே வரியைத் தாள் நிறைய அடிக்க வேண்டும். இடது சுண்டுவிரலுக்கு வலுவே இராது. ஏ எழுத்து மட்டும் தாளில் பாதி நிழலாக விழும். பயிலக ஆசிரியை தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். எந்த விரல் ஏமாற்றுகிறது என்று அந்த நிழலே அவருக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஏப்ரல் 7, 2025

"கைப்பேசியில் இரண்டு கட்டைவிரலாலேயே நிமிடத்துக்கு ஐம்பது சொல் அடிக்கிறேன், எனக்கெதற்கு" என்று எழுதியிருக்கும் தம்பிக்கு: வாழ்த்துகள். அந்த ஐம்பதில் எத்தனை சொல்லைக் கைப்பேசியே ஊகித்துப் போட்டது என்பதையும் எண்ணிச் சொல்லவும்.

ஏப்ரல் 19, 2025

சான்றிதழ் வேலையை இரண்டாவது துண்டில் வைத்தேன். அதில் பாதியை இப்போதே முடித்துவிடுவது நல்லது; முடிவு வெளியானதும் இ-சேவை மையங்களில் நிற்க இடம் இருக்காது.

சாதிச் சான்று முன்பே வாங்கியிருப்பீர்கள். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு ஆதார், குடும்ப அட்டை, மாற்றுச் சான்றிதழ் நகல்களோடு போக வேண்டும். முதலில் உங்கள் விவரங்களைச் சேர்த்து, கேன் எண் என்கிற பதிவு எண் ஒன்றைப் போடுவார்கள். ஒரு சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மனு நகரும். அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் முதல் பட்டதாரிச் சலுகைக்கு வழியில்லை. அதற்காக அலைய வேண்டாம். வருமானச் சான்றுக்கு ஓராண்டுதான் ஆயுள் என்பதால் பழையதை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வராதீர்கள்.

என் அண்ணன் மகளும் இந்த ஆண்டுதான் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். அவளுடைய ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து மட்டும். குடும்ப அட்டையில் அப்பாவின் பெயரிலேயே ஒரு ஒற்று கூடுதல். மையத்தில் இருந்த பெண் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "இதில் நீ யாரம்மா?" என்று கேட்டாராம். எந்தத் திருத்தமானாலும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே மற்றவற்றை மாற்றுங்கள். மதிப்பெண் பட்டியலை மாற்றக் கிளம்பினால் கல்லூரி முடியும்வரை அலையலாம்.

இந்த அலைச்சல் முழுவதையும் அப்பாவின் தலையில் கட்டாமல் நீங்களே போங்கள். எந்த அலுவலகம் எங்கே இருக்கிறது, எந்த மேசையில் எதைக் கேட்க வேண்டும், "நாளைக்கு வா" என்றால் நாளை எத்தனை மணிக்கு என்று எப்படிக் கேட்பது என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஒன்றை இப்போதே தொடங்கி வையுங்கள். மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாயை நேரே கணக்கில்தான் போடுகின்றன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு.

மே 4, 2025

கத்திரி தொடங்கிவிட்டது, ஏற்காட்டுக் கேள்விகளும் தொடங்கிவிட்டன.

போய் வாருங்கள், ஆனால் சனி, ஞாயிறு வேண்டாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கேட்கும் இ-பாஸ் இங்கே இல்லாததால் அங்கே போக வேண்டிய கூட்டமும் நம் மலைக்கே வருகிறது. மே கடைசி வாரத்தில் கோடை விழா நடக்கும் நாட்களில், அடிவாரம் வழியாக ஏறிக் குப்பனூர் வழியாக இறங்கும்படி போக்குவரத்தை மாற்றிவிடுவது வழக்கம். எந்தப் பாதையில் பேருந்து என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கிளியூர் அருவியைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் மழைக்காலத்துக்குப் பிறகு வாருங்கள். மே மாதத்தில் அத்தனை படியும் இறங்கிப் போனால் பாறையில் ஈரம் கசிவதைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வரலாம்.

காபித் தோட்டத்தில் இந்த மாதம் பழம் பறிக்கும் வேலை கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிடைக்காது. கோடை மழை விழுந்து பூத்து, பிஞ்சு பிடிக்கிற காலம் இது. பறிப்பு நவம்பருக்குப் பிறகுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட நாளிலிருந்து காபிச் செடி நம் கல்வி ஆண்டைக் கருத்தில் கொண்டதே இல்லை.

மலையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் ஏரிப் படகுத் துறையை விட்டுவிட்டுச் சேர்வராயன் கோயிலுக்குப் போவேன். மலையின் உச்சியில் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் வந்து கூடுவார்கள். தாவரவியல் படிக்கப் போகிறவர்கள் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைத் தவறவிடக் கூடாது.

பைக்கில் போகிறோம் என்பவர்களுக்கு: இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். பதினெட்டு நிறையாதவர் ஓட்டிப் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி வண்டிக்கு உரியவருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. அந்தப் பணத்தில் அப்பா சொன்ன கணினி வகுப்பிலேயே சேர்ந்திருக்கலாம். வயது நிறைந்தவர்கள் எல்.எல்.ஆர். போட்டுவிடுங்கள், முப்பது நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம், ஆறு மாதம் செல்லும். இந்த விடுமுறைக்கென்றே அளந்து வைத்த கணக்குப் போல இருக்கிறது.

மே 8, 2025

நாளை என்றார்கள், முடிவு இன்றே வந்துவிட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று கட்-ஆஃப் போட்டுப் பாருங்கள். அதோடு இன்றைக்குப் போதும். பக்கத்து வீட்டுக்காரர் மதிப்பெண் கேட்டால் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். தேறாதவர்களுக்கு ஜூன் கடைசியில் துணைத் தேர்வும், அதில் தேறினால் பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வும் இருக்கின்றன, ஆண்டு போகாது.

மே 11, 2025

இன்று காலையிலிருந்து தனிச் செய்தியில் வரும் கேள்வி ஒன்றுதான்: ஒரு தனியார் கல்லூரியில் உடனே பணம் கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள், கட்டலாமா?

பயத்தில் கட்டாதீர்கள். கலந்தாய்வில் இதைவிட நல்ல இடம் கிடைத்தபின் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அலைவதே பலருக்கு மூன்றாவது துண்டின் முழுநேர வேலையாகிவிடுகிறது. எங்கள் உறவில் ஒருவர் அப்படி ஒரு கல்லூரி அலுவலகத்துக்கு ஆடி முழுக்க நடந்தார். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கியிருந்ததால் கடைசியில் பெரும்பகுதி வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், செயல்முறைச் செலவுக்கென ஒரு சிறு தொகை போக, முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். நாள் நெருங்க நெருங்க விழுக்காடு குறையும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமே ஒழியக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. ரசீது தராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். கட்டுவதற்கு முன்பு எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.

மே 18, 2025

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு மாணவி எழுதியிருப்பதை இரண்டு நாளாக மனத்தில் வைத்திருந்தேன். அவர் எழுதியது: "கடை வேலை, மலை, பைக் என்று நீங்கள் எழுதுவதெல்லாம் பையன்களின் விடுமுறை. எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் காலையில் சமையல், மதியம் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றுவது, மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்வது. பள்ளி இருந்தபோதாவது எட்டு மணி நேரம் வெளியில் இருந்தேன்."

அவர் சொல்வதில் மறுக்க எதுவும் இல்லை. அவர் ஏற்கெனவே கூலியில்லாத வேலையில் முழு நேரமாக இருக்கிறார். அவரிடம் போய் ஒரு வேலை தேடிக்கொள் என்பது வீண் பேச்சு. அவருக்கு வேண்டியது வீட்டுக்கு வெளியே, வீட்டார் கேள்வி கேட்காத ஒரு மணி நேரம். தட்டச்சு இங்கேதான் கை கொடுக்கிறது. அரசுத் தேர்வு, சான்றிதழ், பிற்காலத்தில் வேலை என்ற மூன்று சொற்களையும் சேர்த்துச் சொன்னால் மறுக்கிற வீடு நம் ஊரில் குறைவு. என் அண்ணன் மகளுக்கும் அண்ணி முதலில் சம்மதிக்கவில்லை. "லோயரில் தொடங்கினால் பிற்பாடு குரூப் 4 தட்டச்சர் பணிக்கும் எழுதலாம்" என்றதும் மறுநாளே காலை வகுப்புக்கு அனுப்பினார். அந்த ஒரு மணி நேரம் வகுப்புத் தோழிகளோடு நடந்து வருகிற நேரத்தையும் சேர்த்து இப்போது இரண்டு மணி நேரமாக வளர்ந்திருக்கிறது. வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராவதும் இதே வகையில் நடக்கக்கூடியதுதான்.

பெற்றோர் யாரேனும் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. பெண் அடுப்படி வேலை பழகட்டும் என்று நினைப்பது உங்கள் விருப்பம். விடுதிக்குப் போகப்போகிறவன் பையன்தான் என்றால் அவனையும் அதே அடுப்படியில் நிற்க வையுங்கள். ஓமலூர்த் தம்பி, கேள்வி கேட்டது நீங்கள் என்பதால் கேட்கிறேன்: வெள்ளைச் சட்டைக் கழுத்துப் பட்டையைத் தேய்த்துத் துவைக்கத் தெரியுமா? ரசம் வைக்க?

மே 19, 2025

"ரசம் தெரியும், சட்டை தெரியாது" என்று பதில் வந்திருக்கிறது. பாதித் தேர்ச்சி.

ஜூன் 1, 2025

நீச்சலை யாரும் கேட்கவில்லை, ஆனால் எழுதாமல் விட மனம் வரவில்லை. ஒவ்வொரு கோடையிலும் காவிரியிலும் கிணற்றிலும் ஏரியிலும் போகிற உயிர்களில் உங்கள் வயதினரே அதிகம் கண்ணில் படுகிறார்கள். பூலாம்பட்டிப் பக்கம் ஆற்றில் குளிக்கப் போகும் கூட்டத்தில் நீந்தத் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார்; மற்றவர்கள் அவரை நம்பி இறங்குவார்கள். கற்றுக்கொள்வதானால் பயிற்சியாளர் உள்ள குளத்தில் கற்றுக்கொள்ளுங்கள். கிராமத்துக் கிணறு என்றால், முதுகில் காலிக் கேனைக் கட்டிவிட்டு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

ஜூன் 22, 2025

விண்ணப்பம் முடிந்து, மூன்றாவது துண்டுக்கு வந்துவிட்டோம். இனிக் காத்திருப்புதான். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி ஒதுக்கும் ரேண்டம் எண் சிறியதா பெரியதா என்று ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். மதிப்பெண்கள் தொடங்கிப் பிறந்த தேதி வரை எல்லாம் இருவருக்கும் சமமாக இருந்தால் மட்டுமே அந்த எண்ணைத் திறந்து பார்ப்பார்கள். அதை வைத்து ஜாதகம் கணிக்க வேண்டாம்.

கல்லூரிகளைப் போய்ப் பார்ப்பதற்கு ஏற்ற நேரம் இது. ஓமலூரிலிருந்து கருப்பூர் கூப்பிடு தூரம். 1966இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகமும் அருகிலேயே. இணையத்தில் கல்லூரியின் படங்களைப் பார்ப்பதைவிட, வாசலில் தேநீர்க் கடையில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் மூன்று கேள்வி கேட்பது மேல்: ஆய்வகம் உண்மையில் திறந்திருக்கிறதா, விடுதியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கடைசிப் பேருந்து எப்போது. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால், கிடைக்குமா கிடைக்காதா என்று ஊகித்து வரிசையை மாற்றாதீர்கள். எது மிகவும் பிடிக்கிறதோ அது முதலில்.

இந்தத் துண்டில் செய்யத்தக்க காரியம் இன்னொன்று இருக்கிறது. நான் தமிழ் வழியில் படித்தவன். கல்லூரியில் முதல் மாதம் எனக்குப் பாடம் புரியாமல் போனதற்குப் பாடம் காரணமே இல்லை. பேராசிரியர் ஆங்கிலத்தில் சொன்னவற்றில் பாதி எனக்கு முன்பே தெரிந்தவை. தெரிந்தவை என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இரு வழியிலும் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. நீங்கள் நெட்டுருப் போட்ட பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாளுக்கு நான்கு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். முடுக்கமும் நிலைமமும் சுழல் இயக்கமும் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆங்கிலப் பெயரை மட்டும் அதன்மேல் ஏற்றினால் போதும். இலக்கணப் புத்தகத்தோடு தொடங்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பைவிட இது எனக்குப் பல மடங்கு பயன்பட்டிருக்கும். பிறகு நூலகத்தில் நாளிதழ் இரண்டையும், தமிழில் ஒன்று ஆங்கிலத்தில் ஒன்று, அதே நாள் தேதியில் படிப்பது இதன் அடுத்த படி.

அம்மாப்பேட்டை மாணவி கலைக் கல்லூரியில் வணிகவியலுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். அவருக்கு மூன்றாவது துண்டே இல்லை, வகுப்பு விரைவில் தொடங்கிவிடும். தட்டச்சை மாலை வகுப்புக்கு மாற்றிக்கொள்வாராம். தறிக்கு நூல் வாங்கிய கணக்கு, நெய்த கூலிக் கணக்கு இரண்டையும் அப்பாவின் நோட்டிலிருந்து தானே எடுத்து எழுதத் தொடங்கியிருக்கிறாராம். வணிகவியலுக்கு இதைவிட முன்தயாரிப்பு வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 27, 2025

ஓமலூர்த் தம்பிக்கு முதல் சுற்றிலேயே கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருக்கிறது. அவருடைய கடைசிக் கேள்வி: ஆகஸ்டில் தட்டச்சுத் தேர்வு, அதற்குள் விடுதிக்குப் போய்விடுவேன், விட்டுவிடலாமா?

விட வேண்டாம். தேர்வு சனி, ஞாயிறுகளில்தான் நடக்கும். எந்தத் தொகுதி, எத்தனை மணி என்று பயிலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு வந்ததும் கைப்பேசியில் படம் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்து காந்திபுரத்தில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்குச் சேலம் வந்துவிடலாம். இடையில் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்க, விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பயிலகம் பார்த்து அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் இயந்திரம் தருவார்களா என்று கேளுங்கள். வரும்போது அழுக்குச் சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரக் கூடாது என்று அம்மா சார்பில் நானே சொல்லிவிடுகிறேன்.